பழுது என்று எழுதி விற்கும் ஊர்

ஜப்பானில் ஹார்ட் ஆஃப் என்ற பெயரில் பழைய எலெக்ட்ரானிக் சாமான் விற்கும் கடைகள் ஊருக்கு ஊர் உண்டு. முதல் கடையை 1993-இல் நீகாட்டாவில் திறந்தார்கள். உள்ளே நுழைந்ததும் துடைத்து வைத்த கேமராவும் கிடாரும் கண்ணாடி அலமாரியில் மின்னும். அதையெல்லாம் தாண்டிக் கடைசி மூலைக்குப் போனால் நீலநிறப் பிளாஸ்டிக் பெட்டிகள் வரிசையாக இருக்கும். வயர் சுற்றிய அடாப்டர், மூடி தொலைந்த ரிமோட், ஜோடி இல்லாத ஸ்பீக்கர், மஞ்சள் பூத்த கேம் மெஷின். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டு. விலை, மாடல் எண், என்ன கோளாறு, அதற்குக் கீழே இரண்டு எச்சரிக்கை: உத்தரவாதம் இல்லை, திரும்ப எடுக்கமாட்டோம். ‘ஜங்க்’ என்று அந்தப் பகுதிக்குப் பெயர்.

கோளாறை மறைத்து விற்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு விசிடி பிளேயர் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தவன் நான். செகண்ட் ஹேண்டில் வாங்கி ஏமாந்து பிளேயரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள்தான் எங்களுக்குப் பாதி வாடிக்கை. பழுதைப் பழுது என்று எழுதி, அதற்கு ஒரு விலையும் போட்டு அடுக்கிவைத்த பெட்டிகளைப் பார்த்ததும் எனக்குக் கோயில், செர்ரி மரம், புல்லட் ரயில் எல்லாம் இரண்டாம்பட்சமாகிவிட்டது. என்னை அழைத்துப்போன அக்காவுக்கு இது பிடிக்கவில்லை.

அக்கா குடும்பம் டோக்கியோவின் கிழக்கே நிஷி-கசாயில் இருக்கிறது. ஐடி வேலைக்கு வந்த இந்தியர்கள் நிறையப் பேர் குடியேறிய பகுதி அது. ஸ்டேஷனில் இறங்கினால் மசாலா சாமான் கடையும் உண்டு, தோசை கிடைக்கிற ஓட்டலும் உண்டு. அக்கா மகன் அங்கேயே பிறந்தவன், ஏழாம் வகுப்பு. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் ஜப்பானிய மொழி. எனக்கு அந்தப் பயணம் முழுவதும் மொழிபெயர்ப்பாளன் அவன்தான்.

“மாமா, இதப் பாருங்க. சிடி சுத்துதாம், ஆனா படிக்கலையாம்.”

அவன் கையில் இருந்தது சாம்பல் நிற முதல் பிளேஸ்டேஷன். பின்னால் வந்த உருண்டையான சின்ன மாடல் அல்ல. 1994 டிசம்பர் 3 அன்று ஜப்பானில் 39,800 யென்னுக்கு வெளிவந்த வரிசையைச் சேர்ந்த ஆரம்பகால மெஷின். சீட்டில் போட்டிருந்த விலை ஆயிரத்து முந்நூறு யென் சொச்சம். நம் காசுக்கு எழுநூற்றைம்பது ரூபாய்கூட வராது. பவர் வருகிறது, திரையில் படம் வருகிறது, சிடியை மட்டும் படிக்கவில்லை என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். பக்கத்துப் பெட்டியில் கேம் சிடிகள், நூறு இருநூறு யென்னுக்கு. ரிட்ஜ் ரேஸர் ஒன்றும் ஃபைனல் ஃபேண்டஸி 7-உம் பொறுக்கிக்கொண்டோம். அத்தான் மட்டும் சிரித்தார். “ஊர்லேர்ந்து வந்து குப்பை பொறுக்குறான் பாரு உன் தம்பி” என்று அக்காவிடம் சொன்னார்.

இந்த மாதிரிக் கடைகளே இல்லாமல் போகவேண்டிய ஒரு கட்டம் வந்தது. மின்சாதனப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை 2001-இல் அங்கே கொண்டுவந்தார்கள். புதிய பாதுகாப்பு முத்திரை இல்லாத பழைய மின்சாதனங்களைக் கடைக்காரர்கள் விற்கக் கூடாது என்றது அது. பல வகைப் பொருள்களுக்கு அவகாசம் 2006 மார்ச்சோடு முடிவதாக இருந்தது. பழைய சாமான் கடைக்காரர்களுக்கு இது கடைசி நேரத்தில்தான் உறைத்தது. பழைய சிந்தசைசரும் ஆம்ப்ளிஃபயரும் குப்பைக்குப் போய்விடும் என்று இசைக்கலைஞர்கள் கொதித்தார்கள். இசையமைப்பாளர் ரியூச்சி சகமோட்டோ உள்ளிட்டோர் கையெழுத்து வாங்கினார்கள். அரசு இறங்கிவந்தது. அன்று இறங்கியிராவிட்டால், உள்ளேயே மின்வழங்கி வைத்த இந்தச் சாம்பல் பெட்டியும் எப்போதோ நசுங்கிப் போயிருக்கும்.

வீட்டுக்கு வந்து டிவியில் இணைத்தோம். வெள்ளைத் திரை, ஆரஞ்சு நிற வைரம், அந்தக் கனத்த சத்தம். பிளேஸ்டேஷன் சிடியை அடையாளம் கண்டுவிட்டால் திரை கறுத்து பி.எஸ். என்ற வண்ணச் சின்னம் வரவேண்டும். வரவில்லை. சிடி சுழலும் சத்தம் கேட்டது, பிறகு டக் டக் என்று இரண்டு தட்டு, மறுபடி சுழற்சி. கடைசியில் மெமரி கார்டா, சிடி பிளேயரா என்று கேட்கிற பழைய மெனுவில் போய் நின்றது. பாட்டு சிடி போட்டால் சில பாட்டு ஓடியது, சிலது திக்கியது.

அந்தத் தட்டுச் சத்தம் எனக்குப் பழக்கமானது. சிடியின் தகவல் உள்வட்டத்திலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாகச் சுருள்கிறது. லென்ஸ் வண்டி முதலில் உள் ஓரத்துக்குப் போய் முட்டி நின்று, லென்ஸை மேலும் கீழும் அசைத்து ஃபோகஸ் தேடும். கிடைக்காவிட்டால் பின்வாங்கி மறுபடி வரும். சுருளின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரான். தலைமுடியின் குறுக்கே நாற்பது சுற்று அடங்கும். சிடி கொஞ்சம் வளைந்திருந்தால் சுழலும்போது அரை மில்லிமீட்டர் வரை மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்தோடு லென்ஸும் ஆடி, ஓரிரு மைக்ரான் பிசகாமல் ஃபோகஸைப் பிடித்து வைத்திருக்கவேண்டும். முப்பது வருஷம் முன்பு ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் இதைச் செய்தார்கள் என்பதை நினைத்தால், இது பழுதாவதில் ஆச்சரியம் இல்லை. இத்தனை நாள் ஓடியதில்தான் ஆச்சரியம்.

ரிட்ஜ் ரேஸரைப் போட்டுப் போட்டு எடுத்ததில் ஒருமுறை சட்டென்று பிடித்துக்கொண்டது. கார் ஓடுகிறது, டயர் கிறீச்சிடுகிறது, வர்ணனைக்காரர் கத்துகிறார். பாட்டு மட்டும் இல்லை. பையன் குழம்பிப்போனான். விஷயம் இதுதான்: ரிட்ஜ் ரேஸர் பிளேஸ்டேஷனோடு ஒரே நாளில் வெளிவந்த நாம்கோவின் விளையாட்டு. ஆட்டம் மொத்தமும் ஒரே மூச்சில் மெமரிக்கு ஏறிவிடும். அதற்குப் பிறகு சிடி தேவைப்படுவது பாட்டுக்கு மட்டும்தான். பாட்டு சாதாரண ஆடியோ சிடியில் இருப்பது போல அதிலேயே பதிவாகியிருக்கிறது. ஆக, மெஷினின் மூளைக்கு ஒன்றும் இல்லை. டிரைவ்தான் நோஞ்சான்.

ஃபைனல் ஃபேண்டஸி 7 எப்படியோ ஏறினாலும் அதன் சினிமாக் காட்சிகள் துண்டு துண்டாக வந்தன. அதற்கும் காரணம் உண்டு. ஆட்டத்துக்கான தகவலை ஒருமுறை தவறவிட்டால் டிரைவ் திரும்பப் போய்ப் படித்துக்கொள்ளலாம். ஓடிக்கொண்டிருக்கும் படத்துக்கு அப்படித் திரும்பிப் போக நேரம் கிடையாது; நொடிக்கு 300 கிலோபைட் வந்துகொண்டே இருக்கவேண்டும். எனவே டிரைவ் தேய ஆரம்பித்தால் முதலில் படம்தான் விக்கும்.

மெஷினைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன். அக்கா, “என்னடா பண்ற?” என்றாள். கவிழ்த்ததும் சினிமாக் காட்சி விக்காமல் ஓடியது. தொண்ணூறுகளில் உலகம் முழுக்கப் பையன்கள் கண்டுபிடித்து வைத்திருந்த வைத்தியம் இது. ஆரம்ப மாடல்களில் லென்ஸ் வண்டி பிளாஸ்டிக். அது ஊர்ந்து போகும் தடமும் பிளாஸ்டிக். பக்கத்திலேயே மின்வழங்கி, அதன் சூடு வேறு. உரசி உரசி வண்டி ஒரு பக்கமாகத் தாழ்ந்துவிடும், லென்ஸ் சாய்ந்துவிடும். கவிழ்த்தால் எடை மறுபக்கம் சாய்ந்து கொஞ்ச நேரத்துக்கு நேராகும். பின்னால் வந்த மாடல்களில் லென்ஸை மின்வழங்கியிலிருந்து தள்ளிவைத்தார்கள், வண்டியையும் மாற்றினார்கள். எங்களிடம் இருந்தது அதற்கு முந்தையது.

மறுநாள் ஞாயிறு. பழுதுபார்க்க வேண்டிய சாமான் வாங்கக் கிளம்பினோம். தோசாய் லைனில் ஏறி கயாபாச்சோவில் ஹிபியா லைனுக்கு மாறினால் அகிஹபாரா. ஞாயிறு மத்தியானம் அந்தப் பெரிய சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கு விட்டுவிடுகிறார்கள். சுற்றுலாக்காரர்கள் கார்ட்டூன் பொம்மை பார்க்க அண்ணாந்தபடி நடக்க, நாங்கள் ரயில் பாலத்துக்கு அடியில் நுழைந்தோம்.

அகிஹபாரா என்றால் இன்று அனிமே, பொம்மை, பணிப்பெண் உடை போட்ட காபிக்கடை. ஆனால் அதன் வேர் இந்தப் பாலத்தடிதான். போர் முடிந்த பிறகு கண்டா பக்கம் தெருவோரத்தில் வால்வும் ரேடியோ பாகமும் விற்கும் கள்ளச்சந்தை முளைத்தது. அருகில் இருந்த மின்பொறியியல் பள்ளியின் மாணவர்கள் அவற்றை வாங்கி ரேடியோ கட்டி விற்றார்கள். 1949-இல் தெருக்கடைகளை அகற்றச் சொல்லி உத்தரவு வந்ததும் வியாபாரிகள் தண்டவாளத்துக்கு அடியில் இடம் பிடித்தார்கள். அப்படி வந்ததுதான் ரேடியோ சென்டர். இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் தோள் உரசும் சந்து. ஒரு கடை என்பது ஒரு ஆள் உட்காரும் இடம், சுற்றிலும் இழுப்பறைகள். ஒருவர் ஸ்விட்ச் மட்டும் விற்கிறார். அடுத்தவர் வயர் மட்டும். தலைக்கு மேலே சோபு லைன் ரயில் போகும்போது இழுப்பறைக்குள் இருக்கிற ரெசிஸ்டரெல்லாம் சன்னமாகச் சலசலக்கிறது. பக்கத்திலேயே இருந்த ரேடியோ ஸ்டோர் 2013-இல் மூடிவிட்டது. இது எவ்வளவு நாளைக்கோ.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், சிலிகான் கிரீஸ், லென்ஸ் துடைக்க ஏதாவது. இதில் ஸ்க்ரூடிரைவர்தான் முக்கியம். ஜப்பானிய மெஷின்களில் இருக்கிற கூட்டல்குறி ஸ்க்ரூ பார்க்க நம் ஸ்டார் ஸ்க்ரூ மாதிரியே இருக்கும். ஆனால் குழியின் அளவும் சரிவும் வேறு. நம் ஊர் டிரைவரைப் போட்டு அழுத்தித் திருகினால் நழுவி மேலே ஏறி, ஸ்க்ரூவின் தலையை வழித்துவிடும். ஜப்பான் கேமராவோ பைக்கோ பிரித்த மெக்கானிக்குகளுக்கு இது தெரிந்திருக்கும். ஒசாகாவின் வெஸல் கம்பெனி டிரைவர் ஒன்று வாங்கினேன். இந்தப் பயணத்தில் எனக்காக நான் வாங்கிய ஒரே பொருள் அது.

ரேடியோ சென்டரின் ஒரு கடையில் கிரீஸ் கேட்டபோது, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி பெரியவர் என்னமோ கேட்டார். பையன் பதில் சொன்னான். பெரியவர் சிரித்துக்கொண்டே விரலைச் சுழற்றித் தலையை ஆட்டினார்.

“என்னடா சொல்றார்?”

“லென்ஸ்ல ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்குமாம் மாமா. அதத் தொடாதீங்கன்னு சொல்றார். எல்லாரும் மொதல்ல அதத்தான் திருகுவாங்களாம்.”

மொழி தெரியாத ஊரில் தொழில்காரன் ஒருவன் இன்னொருவனிடம் சொல்லக்கூடியதில் இதைவிட உபயோகமானது இருக்க முடியாது. லென்ஸ் பகுதியில் குண்டூசித் தலை அளவில் ஒரு திருகு இருக்கும். லேசருக்குப் போகும் மின்னோட்டத்தை முடிவுசெய்வது அதுதான். கொஞ்சம் கூட்டினால் செத்த டிரைவும் எழுந்து உட்காரும். சில வாரம் ஓடும். பிறகு லேசர் டையோடே எரிந்து போகும், அப்புறம் எந்த வைத்தியமும் கிடையாது. டவுன்ஹால் ரோட்டில் நாங்கள் இதைத் தாராளமாகச் செய்தோம். விசிடி பிளேயருக்கு 213 என்ற மாடல் லென்ஸ் கடைக்குக் கடை தொங்கும், போனால் வேறு மாற்றிக்கொள்ளலாம் என்ற தைரியம். இந்தப் பிளேஸ்டேஷனின் லென்ஸ் அப்படிக் கிடைக்காது. புதிது என்று விற்பதில் பெரும்பாலானவை நகல். எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை.

பார்க்காமல் வர மனம் வராமல் சூப்பர் பொட்டேட்டோ என்ற பழைய கேம் கடைக்கும் ஏறினோம். மாடிப்படி குறுகல். மேலே போனால் பழைய கேம்கள் கூரை வரை. விலை சுற்றுலாக்காரர்களுக்கான விலை. வெறுமனே பார்க்க நல்ல இடம், வாங்கப் புறநகரின் நீலப் பெட்டிதான். ஆனால் இந்த மாதிரிக் கடைகளில் ஒரு பொருளின் சீட்டை நின்று படித்தே ஆகவேண்டும்: ஃபாமிகாம் டிஸ்க் சிஸ்டம். நிண்டெண்டோ தன் ஃபாமிகாம் கேம் மெஷினுக்காக 1986 பிப்ரவரி 21 அன்று 15,000 யென்னுக்கு விட்ட சிவப்புப் பெட்டி. கேட்ரிட்ஜுக்குப் பதில் மஞ்சள் நிறக் காந்தத் தட்டு. அந்தக் காலத்தில் கடையில் இருந்த எந்திரத்தில் 500 யென் கொடுத்தால் பழைய ஆட்டத்தை அழித்து வேறு ஆட்டம் எழுதித் தருவார்கள். ஜெல்டா என்ற ஆட்டம் முதன்முதலில் வந்தது இதில்தான். இதற்குள் டிரைவைச் சுற்றும் ரப்பர் பெல்ட் ஒன்று இருக்கிறது. அது தேய்ந்து அறுவதில்லை. வயதானால் உருகித் தார் மாதிரி ஆகிவிடுகிறது. பெட்டியைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்திருந்தாலும் இதே கதிதான். எனவே சீட்டில் ‘பெல்ட் மாற்றியது’ என்று இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. நிண்டெண்டோவே பெல்ட் மாற்றித் தந்துகொண்டிருந்தது, 2007 வரை.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மேஜையைத் துடைத்து வெள்ளைத் துண்டு விரித்தோம். லென்ஸ் துடைக்க மருந்துக்கடையில் நீர் கலக்காத எத்தனால் வாங்கியிருந்தோம். அங்கே அது சாதாரணமாகக் கிடைக்கிறது. பிளக்கைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் சும்மா விட்டேன். மின்வழங்கியின் பெரிய கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், கை வைத்தால் உதறிவிடும். பையனைக் கையை அந்தப் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லி, அடிப்பக்கத்து ஐந்து ஸ்க்ரூவையும் அவனையே கழற்றச் சொன்னேன். புது டிரைவர் ஸ்க்ரூவுக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது.

மூடியைத் தூக்கினால் டிரைவ் மேலேயே தெரிகிறது. தட்டையான ஒரு ரிப்பன் கேபிள், மோட்டாருக்கு ஒரு வயர்க் கொத்து. இரண்டையும் உருவினால் டிரைவ் தானாகக் கையோடு வந்துவிடுகிறது. ரப்பர் மெத்தை போட்ட மூன்று தண்டுகளின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. முதலில் சிங்க் குழாயைத் தொட்டுவிட்டு வந்தேன். உடம்பில் இருக்கும் ஸ்டாட்டிக்கே லேசர் டையோடைக் கொன்றுவிடும். புது லென்ஸ் வாங்கினால் அதன் பலகையில் இரண்டு புள்ளிகளை ஈயம் வைத்து இணைத்தே அனுப்புவார்கள், வழியில் சாகாமல் இருக்க. அதை எடுக்காமல் மாட்டிவிட்டு லென்ஸ் டூப்ளிகேட் என்று சண்டைக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

டிரைவைக் கவிழ்த்தால் மூன்று வெள்ளைப் பற்சக்கரம். கிரீஸ் தேன் நிறத்துக்குப் போய், தூசும் முடியும் சேர்ந்து பிசினாக இறுகியிருந்தது. பல் விளக்கும் பிரஷ்ஷின் முனையில் எத்தனால் தொட்டு ஒவ்வொரு பல்லாகச் சுத்தம் செய்தான் பையன். அவனுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கணக்கு நோட்டில் இல்லாத பொறுமை அதில் இருந்தது. லென்ஸை நான் எடுத்துக்கொண்டேன். கடுகு மாதிரி இருக்கிற அந்தக் கண்ணை இரண்டு பக்கமும் மெல்லிய ஸ்பிரிங் தாங்குகிறது. காட்டன் பட்ஸை நனைத்து, பிழிந்து, அதன் சொந்த எடை மட்டும் படும்படி ஒரு சுற்று. அழுத்தினால் ஸ்பிரிங் வளைந்துவிடும். பஞ்சில் வந்தது கறுப்பு அல்ல, வெளிர் மஞ்சள். யாரோ சிகரெட் பிடிக்கும் வீட்டில் இருந்த மெஷின்.

சுத்தம் செய்தது பாதி வேலைதான். வண்டியின் ஒரு பாதம் தேய்ந்து பளபளவென்று இருந்தது. தடத்தில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம். பிளாஸ்டிக் கோப்பு அட்டையிலிருந்து நெல் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, தேய்ந்த பாதத்தின் அடியில் ஒட்டினேன். வண்டியை விரலால் தள்ளிப் பார்த்து, இடறாமல் ஊர்கிறது என்று தெரிந்த பிறகு தடத்தில் சிலிகான் கிரீஸ், ஒரு தீக்குச்சி முனையளவு. அதிகம் வைத்தால் அதுவே தூசைக் கூப்பிடும்.

மூடி இல்லாமலே ஓட்டிப் பார்க்கலாம். மூடி மூடியிருக்கிறதா என்று பார்க்க ஓரத்தில் ஒரு சின்ன பட்டன் இருக்கிறது, அதைப் பென்சிலால் அழுத்திப் பிடித்தால் போதும். மின்வழங்கி திறந்தே இருப்பதால் இதைப் பையனிடம் விடவில்லை. பவர் போட்டதும் லென்ஸ் மேலும் கீழும் ஆடியது. பக்கவாட்டில் பார்க்க மங்கலான சிவப்பு. லேசர் 780 நானோமீட்டர், ஏறக்குறையக் கண்ணுக்குத் தெரியாத ஒளி. மங்கலாக இருக்கிறதே என்று நேராக எட்டிப் பார்த்தால் கண்ணுக்கு ஆபத்து.

பிளேஸ்டேஷன் சிடியின் அடிப்பக்கம் கறுப்பு என்பதும் இதோடு சேர்ந்த விஷயம். கறுப்பு வழியே லேசர் எப்படிப் போகும் என்று பையன் கேட்டான். சிடியை விளக்குக்கு நேரே பிடிக்கச் சொன்னேன். அடர்ந்த சிவப்பு தெரிந்தது. நம் கண்ணுக்குத்தான் அது கறுப்பு, அகச்சிவப்பை ஒட்டிய அந்த ஒளிக்கு அது வெறும் கண்ணாடி.

திரை கறுத்தது. வண்ணச் சின்னம் வந்தது. ஏற்றும் நேரத்துக்கு ஒரு குட்டி கேலக்ஸியன் ஆட்டம், பிறகு ரிட்ஜ் ரேஸர், இந்த முறை பாட்டோடு. ஆட்டம் ஏறியபிறகு அந்த சிடியை எடுத்துவிட்டு வேறு பாட்டு சிடி போட்டாலும் அதுவே பின்னணியில் ஓடும் என்று சொன்னதும் பையன் நம்பவில்லை. அக்கா உள்ளே போய் இளையராஜா சிடி ஒன்றைத் தேடி எடுத்து வந்தாள். சிவப்புக் கார் கடலோரச் சாலையில் திரும்ப, வயலின்கள் எழும்ப, அத்தான் கன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டார். அன்றைக்கு யாரும் சீக்கிரம் தூங்கவில்லை. ஃபைனல் ஃபேண்டஸியின் சினிமாக் காட்சி நிமிர்த்தி வைத்த மெஷினில் விக்காமல் ஓடியதை மறுநாள்தான் பார்த்தோம்.

அந்த வாரம் கியோட்டோ போனபோது கோயில்களுக்கு இடையே ஊஜிக்கும் ஒரு பாதி நாள் ஒதுக்கினேன். கியோட்டோவிலிருந்து கின்டெட்சு ரயிலில் ஒகுரா ஸ்டேஷன், அங்கிருந்து ஐந்து நிமிட நடை. 2024 அக்டோபர் 2 அன்று திறந்த நிண்டெண்டோ மியூசியம் அங்கே இருக்கிறது. நுழைவுச்சீட்டு குலுக்கல் முறை. மாதக்கணக்கில் முன்கூட்டியே பதியவேண்டும், பெரியவர்களுக்கு 3,300 யென். மாடியில் அவர்கள் விற்ற மெஷின்கள் எல்லாம் கண்ணாடிக்குள். அந்தத் தளத்தில் போட்டோ எடுக்க அனுமதி இல்லை. சிவப்பு டிஸ்க் சிஸ்டமும் இருந்தது, புதுசு மாதிரி.

மெஷின்களைவிட அந்தக் கட்டடம்தான் என்னை இழுத்தது. 1969-இல் கட்டிய தொழிற்சாலை அது. ஹனஃபுடா என்ற ஜப்பானியச் சீட்டும் பிளேயிங் கார்டும் செய்தார்கள். பின்னாளில் கோளாறான மெஷின்களைப் பழுதுபார்க்கும் இடமாகவும் இருந்தது. பெல்ட் உருகியது, பட்டன் அமுங்கியது என்று பெட்டிகள் வந்து இறங்கிய கட்டடத்தில் இப்போது டிக்கெட் வாங்கி நடக்கிறோம். இதே நிண்டெண்டோதான் சாதாரண ஸ்க்ரூடிரைவரால் திறக்க முடியாத தனி வகை ஸ்க்ரூ போட்டு மெஷின்களை மூடியது என்பதும் நினைவுக்கு வந்தது. நாங்களே சரிசெய்கிறோம், நீ திறக்காதே என்பது அதன் பொருள் என்றால், அந்த ஒப்பந்தத்தின் முதல் பாதி காலாவதியாகிவிட்டது. சோனியும் பிளேஸ்டேஷன் 2-க்கு ஜப்பானில் பழுதுபார்ப்பதை 2018 ஆகஸ்ட் 31-ஓடு நிறுத்திக்கொண்டது. மெஷின் வெளிவந்து பதினெட்டு வருஷம் செய்தார்கள், அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அதற்கப்புறம் ஸ்க்ரூடிரைவர் நம் கையில்தான்.

டிரைவையே கழற்றிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் எஸ்டி கார்டு படிக்கும் பலகையை மாட்டுகிறவர்கள் இப்போது நிறைய. வேலை சுத்தம், சத்தம் இல்லை, தேய எதுவும் இல்லை. டையோடே செத்துப்போன மெஷினுக்கு அதுதான் சரி. உயிரோடு இருக்கிற டிரைவைத் தூக்கி எறிந்துவிட்டு அதை மாட்டுவது எனக்கு ஒப்பவில்லை. அலமாரியில் சிடியை வைத்துக்கொண்டு கார்டில் ஆடுவது எதற்கு?

மெஷினைப் பையனிடமே விட்டு வந்தேன். நீங்கள் போனால் ஒன்று வாங்கி வரலாம். துணிக்கு நடுவே வைத்தால் பெட்டியில் அடங்கும். சீட்டில் ‘சிடி படிக்கவில்லை’ என்று மட்டும் இருந்தால் எடுங்கள். ‘பவர் வரவில்லை’ என்றிருந்தால் விட்டுவிடுங்கள், அது வேறு வேலை. அங்கே வாங்கும் மெஷின் ஜப்பான் சிடியை மட்டும்தான் ஏற்கும், அதனால் கேமையும் அங்கேயே வாங்கிவிடுங்கள். எத்தனாலை விமானத்தில் ஏற்றவிடமாட்டார்கள். ஸ்க்ரூடிரைவரைக் கைப்பையில் வைக்காதீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். வீட்டுக்கு வந்த ஆசையில் நேரே நம் 230 வோல்ட்டில் செருகினால் டிரைவைச் சரிசெய்ய வேண்டிய அவசியமே இருக்காது. நூறு வாட் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். அதை முதலில் வாங்குங்கள்.